உறைபனி விட்டுவைத்த கன்று

நீலகிரியில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக இரண்டு பனிக்காலம் களப்பணி பார்த்தேன். சோலை என்று இங்கே சொல்லும் மலைக்காட்டின் ஓரத்திலிருந்து புல்வெளிக்குள் கயிறு பிடித்து, கயிற்றோரம் முளைத்த மரக்கன்றுகளுக்கு எண் கட்டி, எது உயிரோடு இருக்கிறது என்று மாதாமாதம் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெப்பம் கூடக்கூடச் செடிகள் மலையேறுகின்றன என்று படித்திருந்தேன். ஐரோப்பாவில் 302 சிகரங்களின் பழைய, புதிய கணக்குகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. 1957-66-ல் உச்சிகளில் செடியினங்கள் கூடியதைப்போல 2007-16-ல் ஐந்து மடங்கு கூடியிருந்தன. ஆனால் எந்தச் செடியும் நடப்பதில்லை. விதை எப்போதும் எல்லாப் பக்கமும்தான் விழுகிறது. எது சாகிறது என்பதில்தான் எல்லை இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது உறைபனி.

டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்துப் புல்வெளியில் தேங்கும். சோலைக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடிந்து போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. வெளியே முளைத்த சோலைக் கன்றுகளின் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகியிருக்கும். பக்கத்திலேயே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து புல்வெளியை ஆக்கிரமிக்கும் சீகை (வாட்டில்) மரத்தின் கன்று பச்சையாக நிற்கும். இரவுக் குளிர் குறைந்தால் சோலைக் கன்றுகளும் புல்வெளியில் பிழைக்கும் என்று இதே மலையில் நடந்த சோதனையொன்றும் சொல்கிறது.

இரண்டாம் பனிக்காலத்தில் அப்படி ஒன்று பிழைத்தது. முழங்கால் உயரம், புதுத் துளிர். எனக்கு ஒரே சந்தோஷம். கூட வந்த வாட்சர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “கன்னு பொழச்சிருச்சு, சரி. புல்லு எங்க போகும் தம்பி?”

என்னிடம் பதில் இல்லை. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் இங்கே மலை இல்லை. வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. சோலை பரவினால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது இன்றும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புல்வெளி மரம் இழந்த காடு அல்ல. சோலையைப் போலவே பழமையானது.

அந்தக் கன்றுக்கு நேரே ‘உயிருடன்’ என்று எழுதினேன். அப்புறம் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஆய்வுப் பகுதிக்கு வெளியே கண்ணில்பட்ட சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கியபடியே இருவரும் இறங்கினோம்.