பழைய வீட்டு பாலிசி கூடவே வராது

நியூ ஜெர்சியில் வீடு மாறும் நம்மாட்கள் சிலர், பழைய வீட்டு இன்சூரன்ஸே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது. புது வீட்டுக்கு குளோசிங் (கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாள்) அன்றே தனி பாலிசி இருக்கணும், இல்லாவிட்டால் கடன் கொடுப்பவர் பணத்தை விடமாட்டார்.

சாமான்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு: சொந்த வீட்டுக்காரர்கள் பொதுவாக எடுக்கும் எச்ஓ-3 (HO-3) பாலிசியில், நகர்த்தத் தொடங்கியதிலிருந்து 30 நாள் புது வீட்டில் இருக்கும் பொருளுக்கும் கவரேஜ் குறையாது. ஆனால் தூக்கும்போது கிரைண்டரைக் கீழே போட்டு உடைத்தால் அது சேராது (எங்கள் வீட்டில் முதலில் போனது அதுதான்).

அப்புறம், பழைய வீடு விற்காமல் 60 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால், யாராவது வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்துப்போட்டாலும் பைசா வராது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி; கூட்டாட்சி அரசின் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருக்கணும், வீட்டுக் கடனுக்காக குளோசிங்கோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.