பறிபோன சூடோ உரிமையும் கைகொடுத்த காப்புக் கோப்பும்

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் வீட்டுக் கணினியில், சாதாரணப் பயனர் நிர்வாகி உரிமையுடன் கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ மீண்டும் வேலை செய்கிறது. அதுவும் இயங்குதளத்தை மறுபடி நிறுவாமல், பென்டிரைவ் எதையும் செருகாமல். உரிமை பறிபோன காரணம் பலருக்கும் பழக்கமானதுதான். மைக்ரோகன்ட்ரோலர் பலகைக்குச் சீரியல் போர்ட்டைத் திறந்துவிடுவதற்காகப் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்கச் சொன்ன ஒரு செய்முறைக் குறிப்பில், பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளை பெரிய ஜியுடன் மட்டும் இருந்தது. அதற்கு முன் வர வேண்டிய சிறிய ஏ இல்லை. அந்த ஓர் எழுத்து இல்லாவிட்டால், பயனர் அதுவரை இருந்த துணைக்குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டு, புதிய குழு மட்டுமே மிஞ்சும்; சூடோ உரிமையைத் தரும் சூடோ குழுவும் அப்படித்தான் போனது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் கட்டளை ஒரு வார்த்தைகூட எச்சரிக்காமல் முடிந்துவிடுவது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நிறுவும்போது ரூட் எனும் தலைமை நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் டெபியன் அந்தக் கணக்கைப் பூட்டிவிடும் என்பதால், ரூட்டாக மாற உதவும் சூ கட்டளையும் உதவவில்லை, கணினியைத் துவக்கும் கிரப் மெனுவின் ரெகவரி பதிவும் கையை விரித்துவிட்டது. எஞ்சியது பழைய வழிதான்: மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் முதலில் ஓட வேண்டிய நிரலைச் சொல்லும் இனிட் அளவுருவுக்கு, பேஷ் என்ற கட்டளை ஷெல்லின் பாதையைக் கொடுத்து, கன்ட்ரோல் எக்ஸ் மூலம் துவக்கினால், கடவுச்சொல் கேட்காமலே ரூட் ஷெல் வந்துவிடும்.

இங்கே பலரை அலைக்கழிப்பது ஒரு பிழைச்செய்தி. யூசர்மாட்டை ஓட்டியதும், பாஸ்வேர்ட் கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலவும் என்று வரும். பூட்டு என்ற சொல்லை நம்பி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் மிச்சமிருக்கும் லாக் கோப்பைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஏனெனில் உண்மையான காரணம், இந்த நிலையில் ரூட் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற வகையில் ஏற்றப்பட்டிருப்பதே. மவுண்ட் கட்டளையால் அதை எழுதக்கூடியதாக மறுபடி ஏற்றியதும் அந்தச் செய்தி மறைந்துவிடுகிறது.

ஆனால் சூடோ குழுவை மட்டும் மீட்பதில் எனக்கு நிறைவில்லை. ஆடியோ, வீடியோ, பிளக்தேவ், நெட்தேவ் என்று மற்ற குழுக்களும் அதே கட்டளையில் போய்விட்டிருந்தன. எந்தக் குழுவில் யார் என்று பதிந்திருக்கும் குரூப் கோப்பை மாற்றும்போதெல்லாம் யூசர்மாட் அதன் முந்தைய வடிவத்தை, பெயரின் கடைசியில் ஒரு சிறு கோட்டைச் சேர்த்து, பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறது. அந்தக் கோப்பில் என் பெயரைத் தேடியதும், இழந்த குழுக்களின் பட்டியல் முழுவதும் வரிசையாக வந்து நின்றது. அதைப் படிக்க ரூட் உரிமைகூடத் தேவையில்லை என்பது கூடுதல் வசதி. இதில் ஒரு கண்ணி உண்டு: அது ஒரே ஒரு தலைமுறைக் காப்புதான், மீட்பதற்காக யூசர்மாட்டை ஓட்டியவுடன் சேதமடைந்த வடிவம் அதன்மீது எழுதப்பட்டுவிடும். ஆகையால் முதலில் அதை வேறு இடத்துக்கு நகலெடுத்த பிறகே, குழுக்களைக் காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதி, இம்முறை சிறிய ஏயுடன், கட்டளையை ஓட்டினேன்.

வெளியேறும்போது எக்ஸிட் என்று தட்டக் கூடாது. முதல் செயல்முறையே அந்த ஷெல்தான் என்பதால், இயங்குதளத்தின் கருவே செயலிழக்கும் கெர்னல் பேனிக் வந்து நிற்கும். எழுதாமல் மிஞ்சியதை வட்டில் எழுதிவிடும் சிங்க் கட்டளையைக் கொடுத்துவிட்டு, ரீபூட்டைக் கட்டாய விருப்பத்துடன் ஓட்டினால் போதும்.

ஸ்கேனர் குழுவை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்குள் மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிட்டது: விசைப்பலகை முன் உட்காரும் எவரும் இதே வழியில் ரூட் ஆகிவிடலாம் என்பதால், கிரப்புக்குக் கடவுச்சொல் வைப்பதா, வட்டையே லக்ஸ் மூலம் குறியாக்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கிரப் கடவுச்சொல் எதையும் தடுக்காது. ஆகவே லக்ஸ் பக்கமே சாய்கிறேன். அதற்கு முன், அவசரத்துக்கென்று இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை உருவாக்கிவிட வேண்டும்.