வடக்குக் கண்ணாடி: தறிக்கூடத்து நாட்குறிப்பு

மே 28

இந்தப் பழைய தறிக்கூடத்தில் நடக்கப்போகும் புகைப்படக் காட்சிக்கான பெட்டிகள் இறங்கிவிட்டன. நாளை மாலை வரை யாரும் திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியாயிற்று. குளிரூட்டிய வண்டிக்குள் 20 டிகிரியில் வந்தவை. இங்கே வாசலில் 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். இந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24. அதைவிடக் குளிர்ந்த பரப்பு எதைத் திறந்து வைத்தாலும் நீர் கோக்கும்; முதலில் சட்டத்தின் கண்ணாடியில், கொஞ்ச நேரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு மேல். நனைந்த ஜெலட்டின் பசையாகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம். பெட்டி மூடியபடியே மெல்லச் சூடேறட்டும்.

மாலை 5.10க்குக் கிழக்குச் சுவரில் வெயில் கீற்று விழுந்தது. ஆல்புமின் பிரிண்டுக்கு (முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் எடுத்த பழைய புகைப்படம்) இரவல் ஒப்பந்தத்தில் குறித்திருக்கும் இடத்திலிருந்து 34 செ.மீ. வடக்கே.

மே 29

இந்தக் கூரையைக் கட்டியவர்கள் வெயிலை நன்றாக அறிந்தவர்கள். ரம்பப் பல் மாதிரி வரிசை வரிசையாக ஏறி இறங்கும் கூரை; சரிவான பக்கம் ஓடு, செங்குத்தான பக்கம் கண்ணாடி. கண்ணாடி எல்லாம் வடக்கு பார்த்தது. பாவில் ஒரு இழை அறுந்தாலும் தறிக்காரர் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்றால் நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். வடக்கு வானம் அதைத் தரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இதே கூரையைத் தெற்கு பார்த்துத் திருப்பிக் கட்டுவார்கள்.

ஆனால் மார்ச் 21 தாண்டினால் சூரியன் கிழக்குக்கு வடக்கே உதித்து மேற்குக்கு வடக்கே மறைகிறது. செப்டம்பர் 23 வரை இப்படித்தான். காலையும் மாலையும் வெயில் சாய்ந்து அந்தக் கண்ணாடி வழியே உள்ளே வரும். உச்சம் ஜூன் 21. துணிக்கு இதனால் நஷ்டமில்லை. பிரிண்டுக்கு உண்டு.

கணக்கு இது. ஆல்புமினுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு), நாளுக்கு 8 மணி நேரம்: 400 லக்ஸ்-மணி. மாலை வெயில் கண்ணாடியைத் தாண்டி 30,000 லக்ஸ் என்று வைத்தால் பத்தே நிமிடத்தில் 5,000 லக்ஸ்-மணி. பன்னிரண்டு நாள் காட்சியைப் பத்து நிமிடம் தின்றுவிடும். ஒளி செய்யும் சேதம் கூடிக்கொண்டே போவது. இரவில் விளக்கணைத்து வைப்பதால் திரும்பி வருவதில்லை.

மே 30

கீற்று 29 செ.மீ.

ஜூன் 1

சுவர். வெளிச்சுவரின் பழைய செங்கல்லில் எதையும் நேராக மாட்டக் கூடாது. உள்ளே ஏறிய ஈரம் காயும்போது உப்புப் பூக்கிறது, பூச்சு பொடிகிறது, திருகு ஒரு மாதத்தில் தளர்கிறது. அதனால் செங்கல்லுக்கு முன்னால் விரலிடை விட்டுப் பொய்ச்சுவர்: 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை. மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி. எண்ணெய் பெயிண்ட் கூடவே கூடாது. அது காயும்போது வெளிவரும் பெராக்சைடுகள் வெள்ளிப் படத்தைப் பழுப்பாக்கும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பூச்சு அடித்து, நான்கு வாரம் காயவிட்டாயிற்று. சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மலிவான வேலை, பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கொட்டகையின் வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே பொள்ளலானவை. கூரை மடிப்பில் சேரும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. மழை நாளில் தூண் குளிர்ந்து வியர்க்கும். எந்தச் சட்டமும் தூணுக்கு ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது.

ஜூன் 3

மாட்டும் வேலை முழுநாளும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. அதோடு சட்ட உயரத்தில் பாதியைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் அது சட்டத்தின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழித்தால் கொக்கியின் உயரம். 62 செ.மீ. சட்டம், கம்பி 8 கீழே: 150 + 31 − 8 = 173. தரையை நம்பி அளந்தால் இந்தக் கொட்டகையில் கெட்டது. தறிகளின் பாரம் தாங்கிய தரை இடத்துக்கிடம் தாழ்ந்திருக்கிறது. லேசர் கோடு ஒன்று போட்டு எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்க வேண்டும், ரசமட்டம் கடைசிச் சரிபார்ப்புக்கு.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது நீர்க்கோபுரங்கள். ஜெர்மன் புகைப்படக்காரர்கள் பெர்ன்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் 1959 முதல் சேர்ந்து எடுத்த தொழிற்கட்டடப் படங்களில் ஒரு வரிசை. இதில் 2 மி.மீ. பிசகினாலும் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். கம்பி வேண்டாம், ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு நிலைத் தகடு. நடுப்படத்தை முதலில் மாட்டி வெளியே நோக்கி நகர வேண்டும். நிழல் விழக் கூடாது என்று மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருந்து எடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த வெளிச்சமும் தறிக்காரருக்கு வேண்டியிருந்த வெளிச்சமும் ஒன்றே. காலை பதினொரு மணிக்கு இந்தக் கூரையின் கீழ் அந்த ஒன்பதும் எப்படி நிற்கின்றன!

கீற்று 21.

ஜூன் 5

ஆல்புமினை வேறு சுவருக்கு மாற்றக் கேட்டதற்கு, இரவல் தந்தவர்களிடமிருந்து பதில் இல்லை. அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு விரற்கடைகூட நகர்த்த முடியாது.

ஜூன் 8

விளக்குகள். வெள்ளி ஜெலட்டின் (கறுப்பு வெள்ளை) படங்கள் 150 லக்ஸ் வரை தாங்கும். பழைய கலர் பிரிண்ட், சயனோடைப் என்னும் நீலப் பிரிண்ட், ஆல்புமின் எல்லாம் 50. சயனோடைப் ஒளியில் வெளுத்தாலும் இருட்டில் வைத்தால் கொஞ்சம் திரும்பும். அதன் மவுண்ட் அட்டையில் காரம் சேர்த்திருக்கக் கூடாது, நீலம் போய்விடும். ஆல்புமினுக்கு அந்தச் சலுகையே இல்லை. பிரெஞ்சுக்காரர் பிளான்கார்-எவ்ரார் 1850இல் சொன்ன முறை: மெல்லிய காகிதம், மேலே உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கரு, அதற்குள் வெள்ளி. ஈரமும் ஒளியும் சேர்ந்தால் வெளிறிய பகுதிகள் முதலில் மஞ்சளாகும்.

லக்ஸ் மீட்டரைப் படத்தின் பரப்புக்கு இணையாக, விளக்கைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். நான்கு மூலை, நடு என ஐந்து அளவு. நடு மட்டும் அளந்தால் மேல் விளிம்பு இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருப்பது தெரியாது. ஆல்புமினின் பக்கத்தில், ஒளியில் எவ்வளவு வெளுக்கிறது என்று காட்டும் நீலக் கம்பளிப் பட்டை ஒன்று, பாதி அலுமினியத் தாளால் மூடி ஒட்டியாயிற்று. எட்டுப் படிகளில் முதலாவது வெளுத்தால் எச்சரிக்கை.

12 செ.மீ. நகர்வு குறைகிறது. இன்னும் நிற்கவில்லை.

ஜூன் 9

திறப்பு. ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரம் விடுகிறார். இருநூறு பேர், இரண்டு மணி நேரம்: இருபது லிட்டர் தண்ணீர் காற்றில். 49இல் இருந்த ஈரப்பத மானி 57க்குப் போய், இரவு ஒரு மணிக்குத்தான் இறங்கியது.

ஜூன் 12

மழை. ஐந்தாம் அங்கணத்துத் தூண் காலையிலேயே வியர்த்துவிட்டது. கூடத்தின் ஈரப்பதம் 61. பருத்தி நூல் அறாமல் ஓட நெசவுக்கூடத்தில் 75, 80 சதவீத ஈரம் வேண்டும். அதைப் பிடித்து வைக்கத்தான் இந்த இடத்தைத் தாழ்வாக, அடைப்பாகக் கட்டியிருக்கிறார்கள். 65க்கு மேல் சில நாள் நின்றால் பிரிண்டில் பூஞ்சை. கட்டடம் தன் பழைய வேலையைச் செய்கிறது, அதை எதிர்த்து இரண்டு ஈரம் வாங்கிகள் ஓடுகின்றன.

கிடங்காக இருந்த கட்டடங்களில் இந்தச் சிக்கல் குறைவு. சரக்கைக் காக்கக் கட்டியவை: கனத்த சுவர், சின்னச் சன்னல். லண்டன் ராமிலீஸ் தெருவில் போட்டோகிராஃபர்ஸ் கேலரி 2012இல் புதுப்பித்துத் திறந்த கட்டடம் பழைய கிடங்கு. ஸ்டாக்ஹோமில் 2010இல் திறந்த ஃபோட்டோகிராஃபிஸ்கா 1906இல் எழுந்த சுங்கக் கட்டடம். தறிக்கூடம் ஒளிக்காகவே பிறந்தது.

ஆல்புமின் இருக்கும் சட்டம் முழுக்க அடைத்தது. பிரிண்ட், மவுண்ட், கண்ணாடி, பின்பலகை எல்லாவற்றையும் சுற்றி அலுமினியப் படல நாடா, பின்னால் 45 சதவீதத்துக்குப் பழக்கிய சிலிக்கா ஜெல் தாள். வெளியே ஏறி இறங்கினாலும் உள்ளே பல நாள் அசையாது. ஈரத்துக்கு அது போதும். வெயிலுக்கு எதுவும் செய்யாது.

கீற்று 7 செ.மீ.

ஜூன் 13

பார்க்க வருபவர்கள் தயவுசெய்து நுழைவு நடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெயில், உள்ளே 50. கண் பழகாமல் நேரே உள்ளறைக்குப் போகிறவர்கள்தான் ‘இருட்டாக இருக்கிறது’ என்று திரும்புகிறார்கள். பெரிய கலர் பிரிண்டுகளுக்கு அதன் மூலைவிட்ட நீளம் அளவு தள்ளி முதலில் நின்றுவிட்டுப் பிறகு நெருங்குங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரியும், அடர்நிறம் நல்லது. பெஷர் வரிசைக்கு முற்பகல் சிறந்தது. முதுகுப்பையை வாசலில் விட்டுவிடுங்கள். திரும்பும்போது சட்டத்தை இடிப்பது எப்போதும் அதுதான்.

ஜூன் 14

தூக்கமில்லை. வழிகள்:

கண்ணாடியில் படலம் ஒட்டலாம். புற ஊதாவில் 99 சதவீதம் நிற்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் வரும், அதுவும் வெளுக்க வைப்பதுதான். தவிர இங்கே இருப்பது கம்பிவலை பதித்த பழைய கண்ணாடி. படலம் வெப்பத்தை வாங்கினால் விரிசல் விடும். உள்திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், சூடு உள்ளே வந்துவிடும். வெளித்திரைதான் சரி. அதற்குச் சாரம், அனுமதி, வாரங்கள்.

ஆலைக்காரர்கள் கோடையில் கூரைக் கண்ணாடிக்கு வெளிப்புறம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் வஜ்ஜிரம் (விலங்குப் பசை) காய்ச்சிச் சேர்த்தால் பிடிக்கும். இரண்டு பூச்சு. பருவம் முடிந்ததும் தேய்த்துக் கழுவிவிடலாம்.

ஜூன் 16

மேற்கு வரிசையில் ஆறு கண்ணாடிக்கு அடித்தாயிற்று. கீற்று விழுந்த இடத்தில் 30,000 இருந்தது 1,900 ஆனது. இன்னும் அதிகம்தான், ஆனால் 5 முதல் 5.40 வரை கறுப்புத் துணி போட்டு மூடினால் சமாளிக்கலாம். துணி சட்டத்தைத் தொடக் கூடாது. மேலே கட்டை வைத்து முன்னால் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடு கண்ணாடிக்குப் போகும்.

4 செ.மீ. அதையும் அப்படியே நம்ப முடியாது. சூரியன் அரை டிகிரி அகலம். எட்டு மீட்டர் தள்ளி விழும் கீற்றின் விளிம்பு ஏழு செ.மீ. அகலத்துக்கு மங்கலாக இருக்கும். அளப்பது அந்த மங்கலின் நடுவை. வெளி ஓரம் சட்டத்தை ஏறக்குறையத் தொட்டுவிட்டது.

ஜூன் 17

கடிதம் இல்லை.

ஜூன் 18

இரவு முழுக்க அடித்த மழையில் சுண்ணாம்பு நான்கு கண்ணாடியில் ஓடிவிட்டது. வஜ்ஜிரம் காயக் குறைந்தது இரண்டு வறண்ட நாள் வேண்டும். தூண் 5, தூண் 8 வியர்வை. கூடம் 63.

ஜூன் 20

பதில் வந்தது. ஒன்பதாம் அங்கணத்து உள்சுவருக்கு மாற்றச் சம்மதம், அவர்கள் ஆள் முன்னிலையில் மட்டும். அவர் வருவது 26. அதற்குள் உச்சநாள் கடந்துவிடும், ஆனால் உச்சத்தை ஒட்டிய நாட்களில் கீற்று அசைவதே இல்லை. 26 வரை 2 செ.மீ.யிலேயே நிற்கும். துணிக்கு இரண்டு ஆள் முறை போட்டாயிற்று, 4.50க்கே தொங்கவிட வேண்டும். ஒன்பதாம் அங்கணத்தில் இன்று ஐந்து இடமும் அளந்தது: 38, 41, 44, 40, 52. மேல் வலது மூலை விளக்கைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். கொக்கி உயரம் 171.