படபடப்பு போனது, மாத்திரை போகவில்லை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறுக்கு எனக்கு அப்லேஷன் (இதயத்துக்குள் சின்ன வடுக்கள் உண்டாக்கித் தாளத்தைச் சரிசெய்யும் சிகிச்சை) முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சுப் படபடப்பு இல்லை. "அப்புறம் எதற்கு இன்னும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை?" என்று வீட்டில் தினமும் கேள்வி.

சரி, சொல்லிவிடுகிறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையை ஒட்டிய சின்னப் பை ஒன்றில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. அப்லேஷன் தாளத்தைத்தான் சரிசெய்கிறது. மாத்திரை தொடர வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்தே முடிவு செய்கிறார்கள்.

தப்பான மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில்தான் கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோவில் மருத்துவர் ஹைசாகேரின் குழு காட்டியது. அதனால்தான் அந்தச் சிரைகள் இதயத்தில் திறக்கும் வாய்களைச் சுற்றி வடு உண்டாக்குகிறார்கள். (வடு போட்டுக் குணமாக்குவது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.)

படபடப்பு என்று போனபோது முதல் மருத்துவரிடம் எனக்குக் கிடைத்த பதில் "வயசானா இப்படித்தான்". நோய் தெரிந்து ஓராண்டுக்குள் தாளத்தைச் சரிசெய்யத் தொடங்கினால் பக்கவாதமும் இதயநோய் மரணமும் குறைகின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வேறு மருத்துவரிடம் போனேன்.