நான்கு மூலை மஞ்சள்

"நான் தடவக் கூடாதா, தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கோபம் இல்லை. கட்டைப் பிரித்துப் பத்திரிகைகளை எண்ணிக்கொண்டே கேட்டார்.

அதற்கு முன் நான் சொன்னது இதுதான்: "நல்ல நேரம் பார்த்து, சுமங்கலி யாரையாவது விட்டு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவச் சொல்லுங்கள் அம்மா." கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்கும்போதெல்லாம் தானாக வாயில் வருகிற பேச்சு அது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளில் எத்தனை முறை சொல்வேன் என்று கணக்கில்லை. யாரையும் நோகடிக்கச் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையில் மணமகளின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று தட்டச்சு செய்தவன் நான். மெய்ப்புப் பார்த்தவனும் நான்தான்.

"வழக்கத்தைச் சொன்னேன் அம்மா" என்றேன். இன்றுவரை உறுத்துவது இந்தப் பதில்தான். முதலில் சொன்னது பழக்கத்தில் வந்தது. இது யோசித்துச் சொன்னது.

அச்சகத்தில் மஞ்சள் என்றால் மை. நான்கு வண்ணங்களில் ஒன்று. அதை மட்டும் வெள்ளைத் தாளில் ஓட்டிப் பார்த்தால் ஏதோ படிந்திருப்பது தெரியும், சின்ன எழுத்துகளைப் படிக்க முடியாது. அதன் வேலை அந்த அளவுக்கு அமைதியானது. ஆனால் தமிழில் நிறத்துக்கும் கிழங்குக்கும் ஒரே பெயர். ஈரோட்டில் அது மூட்டை மூட்டையாக விலை பேசும் சரக்கு. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு. பெண்ணுக்குச் சீராக எழுதிவைத்த நிலம் மஞ்சள்காணி. கடனில் நொடித்தவன் கொடுப்பது மஞ்சள் கடுதாசி. வம்பு எழுதிப் பிழைத்தால் மஞ்சள் பத்திரிகை. எங்கள் தொழிலில் அது வசவு. இத்தனையிலும் 'மஞ்சள் குங்குமத்தோடு இரு' என்ற வாழ்த்து ஒன்றைத்தான், கொடுத்த ஊரே ஒருநாள் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

வழக்கம் நான் உண்டாக்கியதல்ல. நான் சொல்லாவிட்டாலும் உறவுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அவருக்கே தெரிந்ததுதானே என்று ஒருநாள் சமாதானம் ஆகிறது. தெரிந்ததையே காசு வாங்கிக்கொண்டு நானும் சொல்ல வேண்டுமா என்று மறுநாள் மனம் கேட்கிறது. முன்பணம் கொடுத்தவர் அவர். வாசகத்தை எழுதித் தந்தவர் அவர். மண்டபத்தின் பெயரில் நான் விட்ட எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மஞ்சள் தடவ மட்டும் வேறொருவரைத் தேடச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து எனக்கே பத்திரிகை வைக்க வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. மூன்றில் வெறும் தீற்றல்; நான்காவதில் விரல் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. யார் தடவியது என்று கேட்க வாய் வரவில்லை. அவருடைய விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. சமைக்கிற கைக்கு அது எப்போதும் இருப்பதுதான்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்று வேலை அதிகம் என்பது உண்மைதான். பத்திரிகையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுப்பட்டு மூலைகள் வெளுத்துவிட்டன. ரேகை இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது சுமங்கலி என்ற சொல்லை விட்டுவிட்டேன். "நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர், "யார் கையால் தடவ வேண்டும்?" என்று கேட்டார். பக்கத்தில் அவருடைய விதவைத் தங்கை நின்றிருந்தார்.

"உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள் ஐயா" என்றேன்.