1986, வான்கூவர்: ஒரு காலவரிசைக்கான நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

சிற்றிதழ் ஒன்றின் பரீட்சார்த்த சினிமா சிறப்பிதழுக்காக மைக்கேல் ஸ்னோவின் கண்காட்சி வரலாற்றைக் காலவரிசையாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். அந்த வேலை நகர நகர இங்கேயும் பதிவு செய்துகொண்டு வருகிறேன், ஆர்வமுள்ளவர்கள் கூட வரலாம்.

1928 டிசம்பர் 10 அன்று கனடாவின் டொரொண்டோவில் பிறந்தவர், 2023 ஜனவரி 5 அன்று அதே ஊரில் இறந்தார். ஓவியர், சிற்பி, ஜாஸ் இசைக்கலைஞர், படமெடுப்பவர். பெரும்பாலானவர்களுக்கு அவரை 'வேவ்லெங்த்' படத்தால் தெரியும். 1966 டிசம்பரில் நியூயார்க்கின் ஒரு மாடி அறையில் எடுத்தது, 45 நிமிடம், கேமரா அறையின் ஒரு முனையிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி மெல்ல மெல்ல ஜூம் செய்துகொண்டே போய் அங்கே ஒட்டியிருக்கும் கடல் அலைப் புகைப்படத்தில் முடியும். பெல்ஜியத்தில் நொக்கே பரீட்சார்த்தத் திரைப்பட விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. 1970 வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் கனடாவின் சார்பில் இவருடைய படைப்புகள். அதே வருடம் டொரொண்டோவில் ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோவில் பெரிய தொகுப்புக் கண்காட்சி. எழுபதுகளின் கடைசியில் பாரிஸ் பொம்பிடூ மையத்தில் கண்காட்சி.

இதுவரை எழுதுவது சுலபம். பட விழாக்கள் ஒரு பக்கம், கேலரிகள் ஒரு பக்கம் என்று இரண்டு பட்டியல் போட்டால் எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். 1986-ல்தான் நின்றுவிட்டேன். கனடாவின் வான்கூவர், எக்ஸ்போ 86 உலகக் கண்காட்சி, 'தி ஸ்பெக்ட்ரல் இமேஜ்', ஹோலோகிராம்கள், அதாவது லேசரில் பதிவு செய்து, கோணம் மாறும்போது காட்சியும் மாறுகிற முப்பரிமாண உருவங்கள். எந்தப் பட்டியலில் இதைப் போடுவது? பொதுவாக ஒற்றை வரியில் கடந்துபோகிற விஷயம் இது. எனக்கு அந்த வரியை விட்டு நகர மனசே வரவில்லை.

5 மார்ச், புதன்

ஆசிரியரிடம் பேசினேன். "ஹோலோகிராமுக்கு ஒரு நல்ல போட்டோ வாங்கிப் போட்டுடலாமே சார், வாசகருக்குப் புரிஞ்சிடும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் புகைப்படம் ஒரே ஒரு கோணம். ஹோலோகிராம் என்பதே மற்ற எல்லாக் கோணங்களும் சேர்ந்ததுதான், அதைப் போட்டோவில் போட்டால் எது போய்விடக்கூடாதோ அதுதான் முதலில் போய்விடும்.

கொஞ்சம் விளக்குகிறேன். லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளில் பட்டு, சிதறி, ஒளியைப் பதிவு செய்கிற தகட்டுக்கு வருகிறது, இன்னொன்று எதிலும் படாமல் நேராகத் தகட்டுக்கு வருகிறது. இரண்டும் அங்கே சந்திக்கும்போது உண்டாகிற நுண்ணிய வரிக்கோலம்தான் பதிவாகிறது. பொருளின் உருவம் என்று தகட்டில் எதுவுமே இருக்காது, சும்மா பார்த்தால் சாம்பல் பூத்த கண்ணாடி. பதிவு நடக்கும்போது பொருள் ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலும் எல்லாம் பாழ். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அந்தக் காலத்து ஹோலோகிராம் கலைஞர்கள் மணல் நிரப்பிய பெரிய மேசைகளில் கண்ணாடிகளைக் குத்திவைத்து ராத்திரி வேளைகளில் வேலை செய்தார்கள். அமெரிக்க இயற்பியலாளர் லாயிட் கிராஸும் கனடியச் சிற்பி ஜெர்ரி பெத்திக்கும் அந்த மணல்மேசையைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் இந்தக் கலை பணக்கார ஆய்வகங்களுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

என் காலவரிசைக்கு முக்கியமானது இதற்கு அடுத்த கட்டம்: காட்டுவது. 16 எம்எம் ஃபிலிம் பிரிண்ட் டப்பாவில் போகிறது, எந்த ஊரிலும் புரொஜெக்டர் இருந்தால் ஓடும், திரை கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் படம் படம்தான். ஹோலோகிராமுக்கு அப்படி இல்லை. பதிவின்போது அந்த நேர் ஒளி எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில், ஒரு புள்ளியிலிருந்து வருகிற மாதிரி விளக்கு வைக்க வேண்டும். கேலரியில் பொதுவாக இருக்கிற பரவலான டியூப் வெளிச்சத்தில் உருவம் குழம்பிக் கரைந்துவிடும். கூரை தாழ்வாக இருந்தால் கோணம் கெடும். பார்ப்பவரின் உயரம்கூட கணக்கில் வரும். ரெயின்போ ஹோலோகிராம் என்றால் தலையை ஏற்றி இறக்கும்போது அதே உருவம் சிவப்பிலிருந்து பச்சை, நீலம் என்று மாறும். ஸ்டீபன் பென்டன் 1968-ல் போலராய்டு நிறுவனத்தில் இருந்தபோது கண்டுபிடித்த முறை அது, சாதாரண வெள்ளை விளக்கிலேயே பார்க்கலாம். ஹோலோகிராம் ஆய்வகத்தை விட்டுக் கேலரிக்கு வந்ததில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, ஒரு ஹோலோகிராமை ஒவ்வொரு கண்காட்சியிலும் மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கிறது. விளக்கு அணைந்தால் படைப்பும் இல்லை. அதனால் எந்தக் கட்டிடத்தில், எந்த விளக்கில் காட்டினார்கள் என்பதும் படைப்போடு சேர்ந்த தகவல்தான்.

8 மார்ச், சனி

ஸ்னோவுக்கு முன்னால் இந்தப் பாதையில் யார் யார் எங்கெங்கே காட்டினார்கள் என்று இன்று முழுக்கத் தேடினேன்.

டென்னிஸ் கேபர் 1947-ல் இந்தக் கொள்கையைக் கண்டுபிடித்தது எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்துவதற்காக, கலைக்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. 1971-ல் நோபல் பரிசு வாங்கினார். லேசர் வந்தது 1960-ல். மிச்சிகன் பல்கலைக்கழகத்து எமெட் லீத், ஜூரிஸ் உபாட்னிக்ஸ் இரண்டு பேரும் ஒரு பொம்மை ரயிலை ஹோலோகிராமாக்கி 1964-ல் வாஷிங்டனில் நடந்த ஒளியியல் மாநாட்டில் காட்டினார்கள். ஹோட்டல் தாழ்வாரத்தில் விஞ்ஞானிகள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார்கள், ரயில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று சிலர் தேடியும் இருக்கிறார்கள். ஹோலோகிராம் கண்காட்சிகளின் வரலாற்றை நான் அந்தத் தாழ்வாரத்திலிருந்துதான் தொடங்குவேன்.

கலைஞர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். 1968-ல் புரூஸ் நௌமன் தன் முகத்தை இழுத்துக் கோணி ஹோலோகிராம்கள் செய்தார். 1969-ல் மார்கரெட் பென்யன் நாட்டிங்ஹாமில் தன் ஹோலோகிராம்களைக் காட்டினார், இந்தத் துறையின் ஆகத் தொடக்கக் கலைக் கண்காட்சிகளில் ஒன்று அது. 1972-ல் நியூயார்க் க்னோட்லர் கேலரியில் சல்வடோர் தாலி. 1976-ல் ஸ்டாக்ஹோமிலும் 1977-ல் லண்டன் ராயல் அகாடமியிலும் ஹோலோகிராம் கண்காட்சிகள். அதே 1977-ல் ஹாரியட் காஸ்டின்-சில்வரின் ஹோலோகிராம்கள் ஜெர்மனியில் கஸ்ஸல் நகரத்தின் பெரிய நவீனக் கலைக் கண்காட்சியான டாக்குமென்டா 6-க்குப் போயின, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் கலைஞர்கள் கூட்டாகச் செய்த 'சென்டர்பீம்' என்ற படைப்பின் பகுதியாக.

நியூயார்க் சோஹோவில் 1976-ல் ஹோலோகிராமுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பாரிஸில் ஒன்று வந்தது, கொலோன் பக்கத்தில் புல்ஹைமில் ஒன்று வந்தது. கலைக்கு நிரந்தர வீடு கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நியூயார்க் அருங்காட்சியகம் 1992-ல் மூடப்பட்டது, அடுத்த வருடம் அதன் சேகரிப்பை எம்ஐடி அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. தகடுகள் பத்திரமாக இருக்கின்றன, அந்த மட்டும் பெரிய நிம்மதி. ஆனால் தினமும் யாராவது நடந்து வந்து பார்க்கிற சுவர் போனது போனதுதான், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

12 மார்ச், புதன்

சினிமாவிலிருந்து ஹோலோகிராமுக்கு வந்தவர் ஸ்னோ மட்டும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அவர் செய்தது ஏதோ தனி மனிதரின் விசித்திர ஆசை மாதிரி தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லாயிட் கிராஸ் கண்டுபிடித்த மல்ட்டிபிளெக்ஸ் ஹோலோகிராம் சினிமாவையே மூலப்பொருளாக வைத்துக்கொண்டது. ஒருவரைச் சுழலும் மேடையில் நிறுத்தி சாதாரண மூவி கேமராவில் எடுக்கிறார்கள், ஒரு டிகிரிக்கு மூன்று ஃபிரேம், முழுச் சுற்றுக்கு 1080 ஃபிரேம். அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒல்லியான செங்குத்துக் கீற்றாக ஹோலோகிராம் ஃபிலிமில் பதித்து வளைத்து உருளையாக வைத்துவிடுவார்கள். நம் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு ஃபிரேம் கிடைப்பதால் உருவத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது, நாம் சுற்றி நடந்தால் உள்ளே இருப்பவர் அசைகிறார். சினிமாவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகிற ஃபிரேம்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கின்றன, புரொஜெக்டரின் வேலையை நம் கால் செய்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

மாஸ்கோவில் விக்டர் கோமர் 1976-ல் ஒரு சிலர் மட்டும் பார்க்கக்கூடிய சிறிய ஹோலோகிராம் சினிமாவை ஓட்டிக்காட்டினார். பிரான்சில் கிளோதின் ஐசிக்மன், கீ ஃபிஹ்மன் இருவரும் பரீட்சார்த்தப் படங்கள் எடுத்துக்கொண்டே எண்பதுகளில் ஹோலோகிராம் படங்களும் செய்தார்கள். வான்கூவரில் அல் ரசூட்டிஸ், 'அமெரிகா' என்ற நீண்ட படத்தொகுப்பை எழுபதுகள் முழுக்க எடுத்துக்கொண்டே போனவர், 1972 வாக்கில் 'விஷுவல் ஆல்கெமி' என்று சொந்தக் கூடம் வைத்து அங்கேயே ஹோலோகிராம் வேலையும் செய்தார். ஸ்னோவின் ஹோலோகிராம்கள் வான்கூவருக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதே ஊரில் ஒரு படமெடுப்பவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பது காலவரிசையில் கட்டாயம் வர வேண்டும். தனியாக ஒரு பெட்டிச் செய்தியாகவே போடச் சொல்லப்போகிறேன்.

16 மார்ச், ஞாயிறு

1986-க்கு வந்துவிட்டேன்.

எக்ஸ்போ 86, மே 2 முதல் அக்டோபர் 13 வரை, போக்குவரத்தும் தகவல்தொடர்பும் என்பது கருப்பொருள், மொத்த வருகை 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அந்த உலகக் கண்காட்சிக்காகத்தான் ஸ்னோ 'தி ஸ்பெக்ட்ரல் இமேஜ்' ஹோலோகிராம் தொகுப்பைச் செய்தார். 1985-86 காலகட்டத்து அவருடைய 'ஸ்டில் லைஃப் இன் 8 கால்ஸ்', 'ரெடிஃபிஸ்' போன்ற ஹோலோகிராம் படைப்புகளெல்லாம் அந்த ஒரே மூச்சில் வந்தவை.

பரீட்சார்த்த சினிமாவுக்கு இப்படி ஒரு கூட்டம் கனவில்கூடக் கிடைக்காது. ஆனால் அந்தக் கூட்டம் வந்தது ரயில், விமானம், பெவிலியன் எல்லாம் பார்க்க, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. கலை விமர்சகர்கள் உலகக் கண்காட்சியைக் கலை இடமாக எடுத்துக்கொள்வது குறைவு. சினிமாக்காரர்களுக்கு அது சினிமா இல்லை, திரை இல்லையே. அதனால்தான் ஸ்னோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'வேவ்லெங்த்' பற்றியும் 'லா ரெஜியோன் சென்ட்ரால்' பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு இதை ஓரமாக விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

'லா ரெஜியோன் சென்ட்ரால்' 1971-ல் வந்த மூன்று மணி நேரப் படம். கியூபெக்கின் வடக்கே ஆள் அரவமில்லாத மலை உச்சியில், எல்லாத் திசையிலும் சுழலக்கூடிய ஒரு இயந்திரத்தில் கேமராவைப் பொருத்தி எடுத்தது, இயந்திரத்தைச் செய்தவர் பியர் அபெலூஸ். கீழே, மேலே, தலைகீழாக என்று பார்வை தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும், நாம் நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்போம். ஹோலோகிராமில் இது அப்படியே திரும்பிவிடுகிறது. படம் அசையாமல் நிற்கிறது, குனிவதும் நகர்வதும் எட்டிப் பார்ப்பதும் நம் பொறுப்பு. மலை உச்சியில் அந்த இயந்திரம் செய்த வேலையை வான்கூவரில் பார்வையாளரின் கழுத்து செய்தது. பார்ப்பது என்றால் என்ன, சட்டகத்துக்கு உள்ளே எது, வெளியே எது என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், சட்டகம் ஜன்னலாகவே மாறிவிடுகிற ஒரு ஊடகம் கிடைத்ததும் அதற்குள் போனதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்றும் உண்டு. உலகக் கண்காட்சி அவருக்குப் புதிது இல்லை. 1967-ல் மாண்ட்ரியல் எக்ஸ்போவில் ஒன்டாரியோ பெவிலியனில் அவருடைய 'நடக்கும் பெண்' உருவங்கள் துருப்பிடிக்காத எஃகில் கூட்டத்தின் நடுவே அங்கங்கே நின்றன. 67, 86 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், டிக்கெட் வாங்கி வேறெதையோ பார்க்க வந்த ஆட்களுக்காக வேலை செய்வதை அவர் குறைவாக நினைக்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

19 மார்ச், புதன்

சின்னக் குறிப்பு. 1979-ல் டொரொண்டோ ஈட்டன் சென்டர் வணிக வளாகத்தின் கூரையிலிருந்து ஸ்னோ 60 வாத்துகளைத் தொங்கவிட்டார், 'ஃப்ளைட் ஸ்டாப்'. கனடா வாத்தின் புகைப்படங்களைச் சிற்ப உருவங்கள்மேல் போர்த்தியது. புகைப்படத்துக்கு உடம்பு கொடுத்தால் என்ன ஆகும் என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது, ஹோலோகிராமுக்கு அங்கிருந்து ஒரு எட்டுதான். கிறிஸ்துமஸுக்காக அந்த வாத்துகளின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியபோது அவர் நீதிமன்றத்துக்குப் போய் 1982-ல் ஜெயித்தார், ரிப்பனைக் கழற்றினார்கள். படைப்பாளியின் தார்மீக உரிமை பற்றிய பேச்சில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற வழக்கு. அந்தத் தீர்ப்பையும் காலவரிசையில் சேர்த்துவிட்டேன், படைப்பை எப்படிக் காட்டுவது என்பதும் கண்காட்சி வரலாறுதானே.

23 மார்ச், ஞாயிறு

1994-ல் டொரொண்டோவில் ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோவும் பவர் பிளான்ட் என்ற கலைக் கேலரியும் சேர்ந்து நடத்திய 'தி மைக்கேல் ஸ்னோ புராஜெக்ட்', 2014-ல் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக் கண்காட்சி, இவற்றோடு பட்டியலை இன்று முடித்தேன்.

ஹோலோகிராமுக்கு மறுபடி கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. 2012-ல் நியூயார்க் நியூ மியூசியம் கலைஞர்களின் ஹோலோகிராம்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. 2024-ல் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி மையத்தில் இன்னொன்று, லூயிஸ் பூர்ஷ்வா தொண்ணூறுகளின் கடைசியில் செய்த சிவப்பு ஹோலோகிராம்களும் அதில் இருந்தன. சேகரிப்பு அறைகளில் கிடக்கிற தகடுகளுக்கு யாரோ மறுபடி கோணம் பார்த்து விளக்கு வைக்கிறார்கள் என்பதே பெரிய சந்தோஷம்.

ஆசிரியரிடம் இரண்டு பட்டியல் வேண்டாம், எல்லாம் ஒரே வரிசையில் வரட்டும் என்று சொன்னேன். பட விழா, கேலரி, உலகக் கண்காட்சி, வணிக வளாகம், நீதிமன்றம் எல்லாம் வருட வரிசைப்படி. ஹோலோகிராம் வருகிற இடங்களில் எந்த வகை, லேசரா வெள்ளை விளக்கா, எந்தக் கட்டிடம் என்று தெரிந்த மட்டும் பக்கத்திலேயே எழுத வேண்டும், போட்டோ வேண்டாம். "இடம் நெறைய எடுக்குமே சார்" என்றார். நொக்கே பரிசுக்குக் கொடுத்த இடத்தை வான்கூவருக்கும் கொடுங்கள், வேறெதையும் கேட்கவில்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டார். ரசூட்டிஸ் பெட்டிச் செய்தியை இந்த வாரம் எழுதித் தர வேண்டும்.