சுவாசித்தல் பாடம்: ஏடிபி கணக்கை விடுங்கள், என்ஏடியைப் பிடியுங்கள்

நீட் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சி. இந்த முறை சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க் வந்துவிட்டது, அம்மா நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினார். நான் செல் சுவாசித்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், முதல் வருடம் என்னைக் கவிழ்த்தது அந்தப் பாடம்தான்.

அப்போது நான் படித்ததெல்லாம் எண்கள், ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) என்று. 38, 36, புதுக் கணக்கில் 30 அல்லது 32. கிரப்ஸ் சுழற்சியில் (மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குளுக்கோஸின் மீதி சிதையும் கட்டம்) எந்தப் படியிலும் ஆக்சிஜன் நேரடியாகச் சேர்வதில்லை, பிறகு ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது ஏன் நிற்கிறது என்று மாதிரித் தேர்வில் கேட்டால் முழிப்பேன். ஒரு தப்பு என்றால் வரவேண்டிய 4 போய், கூடவே 1 மைனஸ்.

புரிந்தது நவம்பர் மழையில். மன்னார்குடிப் பக்கம் எங்கள் சம்பா நுனி தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. வரப்பில் நின்றுகொண்டு அப்பா, "பயிருக்கு மூச்சு முட்டுது பாப்பா" என்றார். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூழ்கிய பயிர் நொதித்தலில், அதாவது ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைச் சிதைத்து ஓடுகிறது, ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான், சேர்த்து வைத்த மாவுச்சத்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பக்கத்து வயலில் சி.ஆர். 1009 சப் 1 என்ற வெள்ளம் தாங்கும் நெல் ரகம் போட்டிருந்தார்கள், அது தேறியது. அந்த சப் 1 மரபணு, மூழ்கிய பயிரை உயரமாக வளரவிடாமல் அடக்கி, இருக்கும் சத்தை மிச்சம் பிடிக்கிறது.

சரி, என்ஏடிக்கு வருவோம். செல்லுக்குள் எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு அது, அதை நெல் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்காலிசிஸிலும் (குளுக்கோஸ் பைருவிக் அமிலமாக உடையும் முதல் கட்டம்) கிரப்ஸிலும் எலக்ட்ரானை ஏற்றிக்கொண்டு என்ஏடிஹெச் ஆகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. இறக்கிய எலக்ட்ரான் கைமாறிப் போய்ச் சேரும் கடைசி குடோன் ஆக்சிஜன், அங்கே தண்ணீர் உண்டாகிறது. குடோனை மூடினால் லாரி திரும்பாது, லாரி இல்லாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவதும் நின்றுவிடும், அந்த ஆட்கள் குடோனைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாலும். கிரப்ஸ் நிற்பது இதனால்தான். நொதித்தல் என்பது லோடைப் பைருவிக் அமிலத்தின் (ஈஸ்டில் அதிலிருந்து வரும் அசிட்டால்டிஹைடின்) தலையில் இறக்கிவிட்டு லாரியைக் காலி செய்யும் வேலை. அந்தப் படி தனியாக ஒரு ஏடிபிகூடத் தராது, 2 ஏடிபியும் கிளைக்காலிசிஸில் வந்தவை. இதை மட்டும் பத்து தடவை படம் போட்டுப் பாருங்கள். எனக்கு மனப்பாடம் வராது, அதனால் படம்தான் கைகொடுத்தது.

அப்புறம், நான் விட்ட இடங்கள்:

- கிளைக்காலிசிஸில் உண்டாவது 4 ஏடிபி, கையில் நிற்பது 2. கேள்வியில் 'நிகர' இருக்கிறதா என்று பாருங்கள்.
- ஈஸ்ட்: எத்தில் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும். தசை: லாக்டிக் அமிலம் மட்டும், வாயு கிடையாது.
- இட்லி மாவு பொங்குவதை நினைத்து, லாக்டிக் அமிலம் என்றாலே வாயு வரும் என்று வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டேன். மாவில் லாக்டிக் அமிலத்தோடு வாயுவையும் விடுகிற வேறு வகை பாக்டீரியாவும் இருக்கிறது. உறை ஊற்றிய தயிரை நினையுங்கள், அது பொங்காது.
- எல்லா ஆற்றலும் ஏடிபி ஆவதில்லை, மீதி வெப்பம். ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி முளைக்கப் போட்டிருக்கும்போது உள்ளே கைவிட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும்.